ஜங்ஷன் பாக்ஸ், மேக்னட், கார்னர் பிராக்கெட்: வீட்டு கேமராவை எதில் மாட்டுவது?

வெளிச்சுவரில் நிரந்தரமாக மாட்ட ஜங்ஷன் பாக்ஸ்தான் முதல் தேர்வு. கேமராவின் இணைப்பு முனைகள் பெட்டிக்குள் அடங்கிவிடுவதால் ஈரம் பட்டுப் பின்கள் பச்சை பூப்பது குறையும். கேபிள் துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். நுழையுமுன் கேபிள் சற்றுத் தாழ்ந்து வளைந்து ஏறினால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். கிளாண்டை (கேபிளைச் சுற்றித் துளையை அடைக்கும் திருகு மூடியை) இறுக்காமல் விட்டால் பெட்டியே தண்ணீர்த் தொட்டிதான்.

மேக்னட் மவுண்ட் பேட்டரி கேமராவுக்குச் சரி. சார்ஜ் போடக் கழற்றுவது சுலபம், திருடனுக்கும் அதே சுலபம்! சுவர் மூலையில் பொருத்தும் கார்னர் பிராக்கெட்டை நம்பி ஒரே கேமராவில் இரண்டு பக்கமும் முழுதாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள். வெளிமூலையைச் சுற்றியிருப்பது 270 டிகிரி, 2.8 மி.மீ. லென்ஸ் காட்டுவது ஏறத்தாழ 100 டிகிரி.

உயரம் 8 முதல் 10 அடி. அதற்கு மேலே போனால் முகத்துக்குப் பதில் தொப்பிதான் பதிவாகும். வாசலை நேர்ப்பார்வையில் பிடிக்க வேண்டிய கேமராவை இன்னும் தாழ்த்தலாம்.

குறி வைப்பதில் அதிகம் சொதப்புவது இரவுக் காட்சி. ஃபிரேமின் ஓரத்தில் பக்கத்துச் சுவரோ சன்ஷேடோ வந்தால் கேமரா இரவில் பார்க்க வீசும் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பும். கேமரா வெளிச்சம் அதிகமென்று எக்ஸ்போஷரைக் குறைக்க, முற்றம் இருட்டாகிவிடும். டோம் கண்ணாடியில் தூசி, விரல் ரேகை இருந்தாலும் இதே புகைமூட்டம். பிஐஆர் சென்சார் (உடல் வெப்பத்தை வைத்து ஆள் அசைவை உணர்வது) உள்ளதென்றால் ஆள் குறுக்கே நடக்கும்படி திருப்புங்கள். நேரே வருபவரைத் தாமதமாகத்தான் உணரும். கேமராவின் கோணத்தை நிலைநிறுத்தும் பூட்டுத் திருகை இரவில் ஒருமுறை படம் பார்த்த பிறகே இறுக்குங்கள்.