நுவரெலியாக் குளிரிலும் 95 பாகையா? ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 (240 மிமீ)

நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை. அந்தக் குளிரில், திரவக் கூலர் பூட்டிய கணினி சும்மா கிடக்கும்போதே ப்ரொசெசர் 70 பாகை காட்டினால், ஒன்றில் ஏதோ பழுது, இல்லாவிட்டால் கூலரைச் சரியாகப் பூட்டவில்லை. 1868 மீற்றர் உயரத்தில் காற்று கொழும்பைவிடக் கிட்டத்தட்ட 15 சதவீதம் ஐதானது. விசிறி அள்ளிக்கொண்டு போகும் சூடும் அந்தளவு குறையும். ஆனால் பத்துப் பாகைக்கு மேல் குளிர்ந்த காற்று அதை ஈடுகட்டி மீதியும் தரும்.

ஆர்க்டிக்கின் இந்தத் திரவக் கூலரைச் சிபாரிசு செய்ய முதல் காரணம் அதன் வயர். பெட்டியில் இரண்டு வயர் வரும். ஒன்று திரவத்தை ஓடவைக்கும் பம்பையும் விசிறிகளையும் ஒரே முனையில் சேர்க்கும், மற்றது மூன்றாகப் பிரியும். சுலபம் என்று பலர் முதலாவதைச் செருகிவிடுகிறார்கள். அதில் பயோஸ் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) ஒரே வேகத்தைத்தான் காட்டும். பம்ப் ஓடுகிறதா, விசிறி ஓடுகிறதா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. மூன்று முனை வயரைப் போட்டு, பம்பைத் தனியாகச் செருகி முழு வேகத்தில் விடுங்கள். நிமிடத்துக்கு 2800 சுற்றுக்குக் கிட்ட வரவேண்டும். 0 என்றால் செருகியதை ஒருமுறை பாருங்கள். பிறகும் 0 என்றால், பம்பின் மேல் விரலை வையுங்கள். அதிர்வே இல்லை, ப்ரொசெசர் கொதிக்கிறது, ரேடியேட்டர் (சூடான திரவம் ஓடி ஆறும் தகட்டுச் சட்டம்) பச்சைத் தண்ணீராய்க் குளிர்கிறது என்றால் பம்ப் நின்றுவிட்டது. அதைத் திறக்க வேண்டாம். 6 வருட உத்தரவாதம் இருக்கிறது, பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

பம்ப் ஓடியும் சூடு ஏறுகிறதா? ஏறும் வேகத்தைக் கவனியுங்கள். வேலை கொடுத்த இரண்டு மூன்று விநாடியில் 95ஐத் தொட்டால், பெரும்பாலும் ப்ரொசெசரும் கூலரின் அடித்தட்டும் தொடும் இடத்தில் கோளாறு: அடித்தட்டின் பிளாஸ்டிக் தாளை உரிக்கவில்லை, இரண்டுக்கும் நடுவே சூட்டைக் கடத்தப் பூசும் பேஸ்ட் காய்ந்துவிட்டது, அல்லது ஒரு பக்க ஸ்க்ரூ மட்டும் இறுகியிருக்கிறது. கழற்றினால் பழைய பேஸ்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். கூட வரும் 0.8 கிராம் எம்எக்ஸ்-6 பேஸ்டை ஒரு தடவைக்கு என்றே கணக்கிடுங்கள். ஸ்க்ரூக்களைக் குறுக்கு மறுக்காக, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

இன்டெல் ப்ரொசெசருக்கான எல்ஜிஏ 1700 சொக்கெட் உள்ள போர்டில் இன்னொரு வேலை உண்டு. ப்ரொசெசரை அழுத்திப் பிடிக்கும் பழைய பிடிச்சட்டத்தை நட்சத்திர முனை டி20 சாவியால் கழற்றி ஆர்க்டிக்கின் சட்டத்தைப் பூட்ட வேண்டும். ப்ரொசெசர் வளையாமல் தட்டையாக உட்காரும் என்பதால் தொடுகை நன்றாக அமையும். ஆனால் அந்த நேரத்தில் ப்ரொசெசரைப் பிடிக்க எதுவும் இல்லை. அசைத்தால் சொக்கெட்டின் ஊசிகள் வளைந்துவிடும். போர்டை மேசையில் படுக்கப் போட்டே செய்யுங்கள்.

சூடு பத்துப் பதினைந்து நிமிடத்தில் மெதுவாக ஏறினால் ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. மலைநாட்டு வீட்டில் இதற்குக் காரணம் பெரும்பாலும் கம்பளியும் ஸ்வெட்டரும். உதிரும் நூல் ஈரக் காற்றில் தூசியோடு சேர்ந்து, விசிறிக்கும் ரேடியேட்டர் தகடுக்கும் நடுவே சாம்பல் நிறத் துணியாகப் படிகிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. விசிறியைக் கழற்றினால்தான் தெரியும். தோலாக உரித்தெடுத்த பிறகு மென்மையான தூரிகை போதும்.

இந்தக் கூலரின் குறை அதன் பருமன்தான். ரேடியேட்டர் 38 மிமீ, விசிறி 25 மிமீ, மொத்தம் 63. கேஸின் மேல்பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லாவிட்டால் ரேமில் இடிக்கும். முன்பக்கம் பூட்டுவதென்றால் ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரமாக நிற்கட்டும். இல்லாவிட்டால் காற்று பம்புக்குள் சேர்ந்து களகளவென்று சத்தம் போடும்.