சீஸ் சீவி வாங்கப்போய் 5,250 ரூபா போனது: யாழ்ப்பாணத்து ஆட்கள் கவனம்

எனக்குச் சீஸ் சீவி விற்ற பேஸ்புக் பக்கம் நேற்று இரவு பத்து மணிக்கு என்னை ப்ளொக் பண்ணிவிட்டது. இப்போது காலை ஆறரை. குசினி மேசையில் அந்தச் சாமான் கைப்பிடி வேறு, தகடு வேறாகக் கிடக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தேத்தண்ணியும் குடிக்காமல் இருந்து எழுதுகிறேன். போனது 5,250 ரூபா. சீஸ் கட்டியை மெல்லிசாகச் சீவி எடுக்கிற அந்தச் சீஸ் சீவிக்கு 4,850, கூரியருக்கு 400. நல்ல சீஸ் சீவியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

என் தங்கச்சி குடும்பத்தோடு ஒஸ்லோவில் இருக்கிறாள். ஆறு வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாள். கொடியேற்றத்தில் இருந்து 25 நாளும் நின்றுவிட்டுத்தான் போவாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் காலையில் பாணுக்கு மேல் சீஸ் வைத்துத்தான் சாப்பிடுவார்கள். போனமுறை நான் கத்தியால் வெட்டிக் கொடுத்த துண்டு விரல் தடிப்பில் இருந்தது. சின்னவன் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "இப்பிடி இல்லைப் பெரியம்மா, மெல்லிசா" என்று இரண்டு விரலை ஒட்டிக் காட்டினான். அந்த விரல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இந்த முறை பிள்ளைகள் வருமுன் வீட்டில் சீஸ் சீவி ஒன்று வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அது நோர்வேக்காரரின் சாமான். லில்லெஹாமர் என்ற ஊரில் தளபாட வேலை செய்த தோர் பியோர்க்லண்ட் என்பவர் 1925இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். தச்சருடைய சீவுளிதான் அவருக்கு மாதிரி. எங்கள் அப்பாவின் கூட்டாளி ஓடாவியார் ஒருவர் கதவுப் பலகை இழைக்கும்போது சீவல் சுருண்டு சுருண்டு மேலே வருவதைச் சின்ன வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதே வேலைதான் இதுவும். அகலமான தகடு, நடுவில் நீட்டாக ஒரு பிளவு. பிளவின் ஒரு விளிம்பு கூர். அந்த விளிம்பு சீஸ் பக்கமாகச் சற்றே வளைந்து இறங்கி நிற்கும். இறங்கிய அளவுதான் சீவலின் தடிப்பு. இதெல்லாம் தங்கச்சி எனக்கு விளங்கப்படுத்தியது, ஆனால் காசு போன பிறகு. முதலே அவளிடம் கேட்டிருந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், திடீரென்று காட்டுகிற சந்தோசம் போய்விடும் என்று கேட்காமல் விட்டேன்.

டவுனில் கஸ்தூரியார் வீதிப் பக்கம் பாத்திரக் கடைகள் மூன்றில் ஏறி இறங்கினேன். கரட் துருவுகிறது இருக்கிறது, தேங்காய் துருவுகிறது இருக்கிறது, இது இல்லை. அன்றிரவே பேஸ்புக்கில் வெளிநாட்டுக் குசினிச் சாமான் விற்கிற பக்கம் ஒன்று கண்ணில் பட்டது. மரக் கைப்பிடி, மினுங்குகிற தகடு, ஒரு கை இழுக்க மஞ்சள் சீஸ் தாள் மாதிரி வருகிற வீடியோ. நான் மெசேஜ் போட்டு இரண்டு நிமிடம் ஆகவில்லை, வட்ஸ்அப்பில் கதைக்கச் சொல்லி இலக்கம் வந்தது.

எடுத்த பெடியனின் குரல் நல்ல பணிவு. "அக்கா, இது ஒரிஜினல் நோர்வே சாமான். எங்கடை மாமாவும் ஒஸ்லோவிலைதான் இருக்கிறார், அவர்தான் அனுப்புறவர்." தங்கச்சியும் ஒஸ்லோவில்தான் என்று நான் சொன்னேன். "அப்ப நீங்கள் எங்கடை ஆக்கள் அக்கா" என்றான். அந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். பார்சல் வந்த பிறகு காசு தரலாமா என்று கேட்டேன். மற்ற எல்லாவற்றுக்கும் அப்படித்தான், இது வெளிநாட்டுச் சாமான் என்றபடியால் முதலே போடவேண்டும், அதுவும் கடைசி இரண்டுதான் இருக்கிறது என்றான். கடை எங்கே என்று கேட்டதற்கு "டவுனுக்குள்ளைதான் அக்கா" என்றான். எந்த வீதி என்று நான் கேட்கவில்லை. 5,250 ரூபாவையும் அப்பவே வங்கிக் கணக்குக்குப் போட்டு, பற்றுச்சீட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். கைகூப்புகிற படம் ஒன்று திரும்ப வந்தது.

மூன்று நாளில் வரும் என்றது ஒன்பதாம் நாள்தான் வந்தது. பெட்டியில் நோர்வேக் கொடி ஸ்டிக்கர். உள்ளே எடுத்தால் கையில் பாரமே இல்லை. தகட்டைப் பெருவிரலால் அமத்தினேன், பிஸ்கட் தகரம் மாதிரி வளைந்து கொடுத்தது. பிளவு மட்டும் இருக்கிறது, விளிம்பு இறங்கவே இல்லை, ஒரே மட்டம். பிறகு எப்படிச் சீவும்? சுப்பர்மார்க்கெட்டில் வாங்கி வைத்திருந்த கௌடா என்ற சீஸ் கட்டியில் வைத்து இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது, மேலே ஒரு கோடு மட்டும் விழுந்தது. கொஞ்சம் அமத்தி இழுத்தேன், கைப்பிடிக்குள் இருந்த கம்பி சுற்றத் தொடங்கிவிட்டது. கழுவித் துடைத்து வைத்தேன். விடியப் பார்த்தால் பிளவு நெடுகச் செம்மண் நிறத்தில் கறள். ஒரே இரவில் கறள் பிடிக்கிற தகட்டைப் பிள்ளைகள் சாப்பிடுகிற சாமானில் வைப்பதா?

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதல் நாள், "சீஸை ஃபிரிட்ஜில் வைச்சு எடுத்துச் சீவுங்கோ அக்கா." ஃபிரிட்ஜில் இருந்து எடுத்துத்தான் சீவினேன் என்று வீடியோவே அனுப்பினேன். இரண்டாம் நாள், "உங்கடை சீஸ்தான் பிழை போலை." மூன்றாம் நாள், மனேச்சர் கொழும்பில், வந்ததும் கதைப்பார். பிறகு நீலச் சரி இரண்டு மட்டும், பதில் இல்லை. என் வீட்டுக்காரருடைய போனில் இருந்து எடுத்தேன். என் குரல் கேட்டதும், "ஆர் கதைக்கிறியள்? விளங்கேல்லை" என்று வைத்துவிட்டான். முதல் நாள் எங்கடை ஆக்கள் என்று சொன்ன அதே வாய். வங்கிக்கும் போனேன். நீங்களே விரும்பிப் போட்ட காசை நாங்கள் திருப்பி எடுக்க முடியாது என்றார்கள். நேற்றுப் பின்னேரம் அந்தப் பக்கத்தில் போய், 5,250 ரூபா வாங்கிவிட்டு உடைந்த சாமான் தந்தார்கள் என்று கருத்து எழுதினேன். அதை அழித்தார்கள். திரும்ப எழுதினேன், ப்ளொக். தங்கச்சியின் கணக்கில் இருந்து பார்த்தால் அதே வீடியோ, அதே "கடைசி இரண்டுதான்" என்று இன்றைக்கும் ஓடுகிறது. வேறு யாரோ ஒரு அக்கா இப்போது காசு போட்டுக்கொண்டிருப்பா என்று நினைக்க எனக்கு நெஞ்சு பதறுகிறது.

பெயரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். முறைப்பாடு கொடுக்கப் போகிறோம், அதுவரை பொறு என்று இவர் சொல்கிறார், அதனால்தான்.

சரி, வாங்குவதைப் பற்றி. விரிவாக எழுத இருந்தேன், கை நடுங்குகிறது, தெரிந்ததைக் கெதியாகச் சொல்கிறேன். கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். தகடு வளையக் கூடாது, கறள் பிடிக்காத எவர்சில்வராக இருக்க வேண்டும், கூர் விளிம்பு கீழே இறங்கி நிற்க வேண்டும். கௌடா மாதிரி ஓரளவு இறுகின சீஸுக்குத்தான் இந்தச் சீவி. மெதுவான சீஸ் தகட்டில் ஒட்டிப் பிடிக்கும், அதற்குத் தகட்டுக்குப் பதிலாகக் கம்பி பூட்டிய சீவி வாங்குங்கள். நன்றாக முற்றின செடார் சீஸ் எதில் வைத்தாலும் உதிரும், கத்திதான் சரி. முன்காசு போடவே வேண்டாம். கடை எந்த வீதி என்று கேளுங்கள், சொல்லாவிட்டால் விடுங்கள். பில் கேட்டு வாங்குங்கள், நான் வாங்கவில்லை. ஏமாந்தவர்கள் மெசேஜ்களை அழிக்காமல் வைத்துக்கொண்டு நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். எட்டரைக்கு நானும் எடுக்கப் போகிறேன்.

தங்கச்சிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். தன் குசினியில் இருக்கிறதையே பெட்டிக்குள் வைத்துக் கொண்டு வருகிறாளாம். அவள் வர இன்னும் பன்னிரண்டு நாள். 5,250 ரூபா இன்னும் வரவில்லை.