கண்டம் மாறினால் சிக்னல் மாறுமா? ஒரே கைபேசியுடன் நீண்ட நாள் பயண அனுபவம்

ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று ஒரே கைபேசியைப் பல ஆண்டுகள் கொண்டு சென்ற பிறகு, அதன் கேமராவைப் பற்றியோ திரையைப் பற்றியோ சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. விளம்பரத்தில் இடம்பெறாமல் விவரப் பட்டியலின் அடியில் சிறு எழுத்தில் கிடக்கும் பேண்ட் எண்கள்தான், அதாவது கைபேசி எந்தெந்த அலைவரிசைகளில் இயங்கும் என்பதைக் குறிக்கும் எண்கள்தான், அது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதைத் தீர்மானித்தன. ஆசியச் சந்தைக்கென விற்கப்பட்ட நடுத்தர விலை மாடல் அது. 4ஜியில் 1, 2, 3, 4, 5, 7, 8, 20, 40, 41 ஆகிய பேண்டுகள் உண்டு; பார்வைக்குத் தாராளமான பட்டியல்தான்.

ஐரோப்பாவில் குறையொன்றும் தெரியவில்லை. அங்கே 4ஜி பெரும்பாலும் இயங்கும் 800, 900, 1800, 2600 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள், அதாவது பேண்ட் 20, 8, 3, 7 ஆகிய நான்கும் என்னிடம் இருந்தன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. நகரங்களுக்குள் பேண்ட் 2, 4 ஆகியவற்றின் துணையோடு வேகம் நன்றாகவே கிடைத்தது; நகரத்தைத் தாண்டிய நெடுஞ்சாலையிலும், தடித்த கான்கிரீட் கட்டடங்களின் உட்பகுதியிலும் சிக்னல் அறவே நின்றுபோனது. அதிர்வெண் குறையக் குறைய அலை அதிகத் தொலைவு செல்லும், சுவரையும் எளிதில் ஊடுருவும் என்பதால், 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள பேண்டுகளைக் கொண்டுதான் நிறுவனங்கள் பரந்த நிலப்பரப்பை நிரப்புகின்றன. டி-மொபைல் நிறுவனத்துக்கு அது 600 மெகாஹெர்ட்ஸில் உள்ள பேண்ட் 71, 700இல் உள்ள பேண்ட் 12. வெரைசனுக்கு 700இல் உள்ள பேண்ட் 13. மூன்றுமே என் கைபேசியில் இல்லை. ஆகவே விமான நிலையத்தில் முழுக் கோடுகள் தெரிவதை வைத்து ஒரு கைபேசியை மதிப்பிடக்கூடாது என்பேன். அங்கே எல்லா அலைவரிசைகளும் குவிந்திருக்கும். சிக்னல் மெலிந்த இடங்களில் கைபேசி தன் ஒலிபரப்புத் திறனைக் கூட்டிக்கொண்டு கோபுரத்தைத் தேடிக்கொண்டே இருப்பதால், அத்தகைய நாள்களில் மாலைக்குள்ளாகவே பேட்டரி காலியானது.

ஜப்பானில் எந்த நிறுவனத்தின் வலையமைப்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே எல்லாமாக இருந்தது. டொகோமோவின் 800 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 19, கேடிடிஐயின் பேண்ட் 18 இரண்டும் என்னிடம் இல்லை. சாஃப்ட்பேங்கின் 900 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் 8 இருந்தது. பேண்ட் 19இன் அதிர்வெண்கள் முழுவதும் பேண்ட் 5இன் எல்லைக்குள்ளேயே அடங்குகின்றன. ஆயினும் கோபுரம் பேண்ட் 5 என்ற எண்ணையும் சேர்த்து அறிவிக்காவிட்டால், அந்த அலைவரிசையைக் கேட்கும் திறன் இருந்தும் கைபேசி அதில் சேராது. பல நிறுவனங்களில் இணையக்கூடிய பயண இ-சிம் வைத்திருப்பவர்கள் தானியங்கித் தேர்வை அணைத்துவிட்டு, தம் கைபேசியில் உள்ள குறைந்த அதிர்வெண் பேண்டுக்குப் பொருந்தும் நிறுவனத்தைக் கையால் தேர்ந்தெடுப்பது நல்லது. மலைப்பகுதி இரயில் பயணங்களில் இதன் பயனைத் தெளிவாகவே கண்டேன்.

பேண்ட் பொருந்தினாலும் குரல் அழைப்பு கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. முன்பெல்லாம் 4ஜியில் இருக்கும் கைபேசி, அழைப்பு வந்தவுடன் 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கிப் பேசும். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022இலும் ஆஸ்திரேலிய நிறுவனங்கள் 2024இலும் 3ஜியை மூடிவிட்டதால், அங்கே வோல்ட்இ, அதாவது 4ஜி வழியாகவே குரல் அழைப்பைக் கடத்தும் வசதி, இல்லாமல் சாதாரண அழைப்பே இல்லை. அந்த வசதி கைபேசியில் இருந்தால் மட்டும் போதாது. உள்ளூர் சிம் போடும்போது அந்த நிறுவனத்துக்கான அமைப்புகளும் மென்பொருளில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 000 என்ற அவசர எண்ணை 4ஜி வழியாக அழைக்க இயலாத கைபேசிகளுக்கு உள்ளூர் நிறுவனங்கள் சேவை தரக்கூடாது என்பது விதி. இணையம் ஓடுகிறதே, வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்பவர்கள் வங்கியிலிருந்து வரும் குரல் அழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

5ஜியைப் பற்றி இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை என்பது என் கருத்து. 3.5 கிகாஹெர்ட்ஸ் சார்ந்த என்78 பேண்ட் ஐரோப்பாவிலும் ஆசியாவின் பல நாடுகளிலும் பொதுவானது. ஆனால் 4ஜியின் முதுகில் ஏறி இயங்கும் 5ஜி வலையமைப்புகளில், அடித்தளமாக நிற்கும் 4ஜி பேண்டும் அதனோடு சேரும் 5ஜி பேண்டும் கைபேசி ஏற்கும் ஜோடியாக அமைந்தால்தான் 5ஜி கிடைக்கும்; பட்டியலில் என்78 இருந்தும் திரையில் 4ஜி என்றே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதிய கைபேசி வாங்கியபோது பெயரை விட்டுவிட்டு மாடல் எண்ணைப் பிடித்துக்கொண்டேன். ஒரே பெயரில் விற்கப்படும் கைபேசிக்குச் சந்தைக்குச் சந்தை வெவ்வேறு மாடல் எண்களும் வெவ்வேறு பேண்டுகளும் இருக்கின்றன; அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14 வரிசை முதல் சிம் தட்டே கிடையாது. இப்போது கையில் இருப்பதில் 12, 13, 19, 28, 66, 71 ஆகியவையும் உண்டு. டொகோமோ 5ஜிக்குப் பயன்படுத்தும் என்79 இதிலும் இல்லை. அந்நிறுவனமே என்78இலும் சேவை தருவதால் அதற்காகக் கூடுதல் விலை கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.