பொடியா, திரவமா, புண்ணாக்கா? கறிக்கோழித் தீவனத்தில் அமினோ அமிலக் கணக்கு

தீவனம் கலக்கிறவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே "மெத்தியோனின் எது போடுறீங்க?" என்ற கேள்வியில் வந்து நிற்கும். புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களில் ஒன்றான இதைத் தீவனத்தில் தனியாகச் சேர்ப்பார்கள். ஒருவர் பொடி என்பார், மற்றவர் திரவம் என்பார். பை விலையையும் டிரம் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு எடுப்பவர்கள்தான் அதிகம். வாங்கும் சரக்கில் எவ்வளவு கோழியின் உடம்பில் சேர்கிறது என்று பார்த்தால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும். மீதிப் பாதி கொஞ்சம் சிக்கலானது.

மக்காச்சோளமும் சோயா புண்ணாக்கும் சேர்ந்த தீவனத்தில் கறிக்கோழிக்கு முதலில் பற்றாமல் போவது மெத்தியோனின். அடுத்து லைசின், மூன்றாவது திரியோனின், அதற்குப் பின்னால் பெரும்பாலும் வாலின். அச்சுக்கோக்கிறவரிடம் 'ம' எழுத்து தீர்ந்துவிட்டால் மற்ற எழுத்துகள் மூட்டை மூட்டையாக இருந்தும் பக்கம் முடியாது. கோழியின் உடம்பும் அப்படித்தான். பற்றாத ஒன்று நிற்கும் இடத்தில் தசை வளர்ச்சியும் நின்றுவிடும். மிஞ்சிய அமினோ அமிலங்கள் உடைந்து யூரிக் அமிலமாக எச்சத்தில் போய்விடும். மெத்தியோனின் குறைவை முதலில் இறகு காட்டிக்கொடுக்கும். இறகின் புரதத்தில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் அதிகம். அந்தச் சிஸ்டீனை மெத்தியோனினிலிருந்தும் உடம்பு செய்துகொள்ளும். குஞ்சுகள் இறகு சரியாக மூடாமல் திரிந்தால் தீவனக் கணக்கை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

முதல் போட்டி புண்ணாக்குக்கும் பையில் வரும் தனி அமினோ அமிலத்துக்கும் இடையில். பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு: 100 கிலோ சோயா புண்ணாக்குக்குப் பதிலாக 97 கிலோ மக்காச்சோளமும் 3 கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடும் (பையில் வரும் லைசின் பொடி) போடலாம் என்பார்கள். லைசின் கணக்கு அதில் ஏறக்குறைய ஒத்துவரும். ஆனால் அந்த 100 கிலோ புண்ணாக்கோடு சுமார் 3 கிலோ ஆர்ஜினினும், 2 கிலோவை ஒட்டி வாலினும், ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குத் திரியோனினும் வெளியே போகின்றன. அதை யார் ஈடுகட்டுவது? நைட்ரஜன் கழிவை யூரியாவாக மாற்றும் யூரியா சுழற்சி கோழிக்கு முழுமையாகக் கிடையாது. ஆர்ஜினினை அதனால் செய்துகொள்ள முடியாது, தீவனத்தில்தான் வர வேண்டும். போதாததற்கு லைசின் கூடினால் ஆர்ஜினின் தேவையும் கூடும். கிளைசின் என்ற அமினோ அமிலமும் போதாமல் போகலாம்: ஒவ்வொரு யூரிக் அமில மூலக்கூறும் ஒரு கிளைசினை எடுத்துக்கொண்டுதான் வெளியேறும். மக்காச்சோளம் கூடக்கூட லியூசின் என்ற அமினோ அமிலமும் கூடி, வாலின், ஐசோலியூசின் இரண்டின் தேவையையும் கூட்டும்.

இதற்காகப் புண்ணாக்கைத் தொடவே கூடாது என்றில்லை. தீவனத்தின் கச்சாப் புரதத்தை ஒரு சதவீதப் புள்ளி குறைத்தால் எச்சத்தில் போகும் நைட்ரஜன் சுமார் 8 முதல் 10 சதவீதம் குறையும். அம்மோனியா நெடி தணியும், கூளம் உலர்ந்திருக்கும், பாதப் புண்ணும் குறையும். கொட்டகைக்குள் கண் எரியாமல் நிற்க முடிகிறதா என்பதே ஒரு அளவுகோல்தான். என்னைக் கேட்டால் மெத்தியோனின், லைசின், திரியோனின் மூன்றையும் பையிலிருந்து போடுவதில் விவாதமே தேவையில்லை. அதற்கு மேல் புரதத்தைக் குறைக்க நினைத்தால் வாலின், ஐசோலியூசின், ஆர்ஜினின், கிளைசின் நான்கும் கணக்குத் தாளில் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். முதல் பத்து நாள் குஞ்சுத் தீவனத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

சரி, மெத்தியோனினுக்கு வருவோம். டிஎல்-மெத்தியோனின் வெள்ளைப் பொடி, 99 சதவீதத் தூய்மை. பையைப் பிரித்தால் வெந்த முட்டைக்கோஸ் போல ஒரு கந்தக வாடை வரும். இதில் பாதி எல் வடிவம், பாதி டி வடிவம்; இரண்டும் இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். இயற்கையில் புரதத்தில் இருப்பது எல் மட்டும்தான் என்றாலும், கோழியின் கல்லீரலும் சிறுநீரகமும் டி வடிவத்தை எல் வடிவமாக மாற்றிக்கொள்ளும். அதனால் வீண் என்று பெரிதாக எதுவும் இல்லை.

திரவம் வேறு ஜாதி. பழுப்பு நிறத்தில், மூக்கைத் துளைக்கும் புளித்த வாடையோடு வரும். மெத்தியோனினில் அமினோ தொகுதி இருக்கும் இடத்தில் இதில் ஹைட்ராக்சில் தொகுதி. ஆகவே கண்டிப்பாகச் சொன்னால் இது அமினோ அமிலமே அல்ல. உடம்பு அதை வாங்கி அமினோ தொகுதியை ஒட்டவைத்து மெத்தியோனினாக்கிக்கொள்ள வேண்டும். டிரம்மில் 88 சதவீதம் சரக்கு, 12 சதவீதம் தண்ணீர். அந்த 88-லும் ஒரு பகுதி இரட்டையாகவும் சங்கிலியாகவும் பிணைந்து கிடக்கும். அவை குடலில் உறிஞ்சப்படுவது மெதுவாக.

உண்மையான சண்டை இங்கேதான். பொடி தயாரிக்கும் எவோனிக், எடைக்கு எடை பார்த்தால் திரவத்தின் மதிப்பு பொடியில் 65 சதவீதம் என்கிறது. திரவம் தயாரிக்கும் நோவஸ், 88 சதவீதம் சரக்குக்கும் முழு மதிப்பு உண்டு என்கிறது. இரண்டையும் விற்கும் நிறுவனமும் உண்டு, அடிசியோ. ஆய்வுகள் இரு பக்கமும் குவிந்திருக்கின்றன. எந்தச் சோதனையை எடுத்தாலும் தீவனத்தில் மெத்தியோனின் எவ்வளவு குறைவாக இருந்தது, விடையை எந்தச் சமன்பாட்டில் போட்டார்கள் என்பதைப் பொறுத்து எண் நகரும்.

கணக்கில் பார்ப்போம். ஒரு டன் தீவனத்துக்கு 2.5 கிலோ பொடி போடுகிறீர்கள். 88 என்று நம்பினால் திரவம் 2.84 கிலோ போதும். 65 என்று நம்பினால் 3.85 கிலோ வேண்டும். ஒரு டன்னுக்கு ஒரு கிலோ வித்தியாசம், சின்ன விஷயமில்லை. நான் வைத்திருக்கும் விதி எளிது: திரவத்தின் கிலோ விலை பொடி விலையில் 65 சதவீதத்துக்குக் கீழே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு திரவம் வாங்கலாம், 88-க்கு மேலே போனால் விலையை வைத்து அதை வாங்கக் காரணமில்லை. இடையில் இருந்தால் ஆலையின் வசதிதான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

வசதி என்றால் என்ன? திரவம் அமிலம், சாதாரண இரும்பை அரிக்கும். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, பம்ப், தெளிப்பு முனை எல்லாம் வேண்டும். குளிரில் கெட்டிப்பட்டு அளவு தப்பும். முனை அடைத்துக்கொண்டால் யாரும் கவனிக்காமலே பத்து டன் போய்விடும். ஆனால் ஒருமுறை அமைத்துவிட்டால் மூட்டை தூக்கும் வேலை இல்லை, தூசி இல்லை. பொடிக்கு ஒரு தராசும் ஒழுங்கான மிக்ஸரும் போதும். ஒன்று மட்டும்: 2.5 கிலோவை நேராக ஒரு டன்னில் கொட்டாமல், முதலில் பத்து இருபது கிலோ மாவோடு கலந்துவிட்டுப் பிறகு போடுங்கள். சொந்தமாகச் சிறிய அளவில் கலக்கிறவர்கள் திரவத்தை மறந்துவிடலாம்.

எல்-மெத்தியோனின் தனியாகவும் வருகிறது. மாற்றும் வேலை மிச்சம், குஞ்சுகளுக்கு நல்லது என்பது விற்பவர்களின் வாதம். கோழி டி வடிவத்தை இவ்வளவு நன்றாகக் கையாளும்போது அதற்குக் கூடுதல் விலை கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

லைசினில் அந்தச் சலுகை கிடையாது. டி வடிவம் கோழிக்குப் பயன்படாது, எல் மட்டுமே வேண்டும். அதனால்தான் நொதிக்க வைத்துத் தயாரிக்கிறார்கள். 1950களில் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் ஷுக்குவோ கினோஷிதா குழு கண்டுபிடித்த மண் பாக்டீரியா வகை இன்றும் அதன் முக்கிய அடித்தளங்களில் ஒன்று. சந்தையில் இரண்டு: ஹைட்ரோகுளோரைடில் லைசின் சுமார் 78 சதவீதம், சல்பேட்டில் பொதுவாக 55, சில தயாரிப்புகளில் 70. ஒரு கிலோ ஹைட்ரோகுளோரைடுக்கு 55 சதவீதச் சல்பேட் 1.42 கிலோ. சல்பேட்டில் நுண்ணுயிர்களின் மிச்சமும் இருப்பதால் மற்ற அமினோ அமிலங்களும் சிறிது கிடைக்கும். நிறம் பழுப்பு, தரத்தில் ஏற்ற இறக்கம் சற்று அதிகம்.

இங்கே பலர் மறப்பது குளோரைடு. 3 கிலோ லைசின் ஹைட்ரோகுளோரைடில் சுமார் 580 கிராம் குளோரைடு இருக்கிறது, கிட்டத்தட்ட ஒரு கிலோ உப்பில் இருக்கும் அளவு. உப்பை அப்படியே வைத்துக்கொண்டு இதையும் சேர்த்தால் குளோரைடு தேவைக்கு மேல் போகும். கோழி தண்ணீர் அதிகம் குடித்து, கூளம் ஈரமாகும். உப்பைக் குறைத்து, குறையும் சோடியத்தைச் சோடியம் பைகார்பனேட்டில் கொடுத்தால் சரியாகிவிடும். வெயில் கடுமையாக இருக்கும் காலத்தில் சல்பேட் பக்கம் நான் சாய்வது இதனால்தான்.

திரியோனினிலும் வாலினிலும் இப்படிப் போட்டி இல்லை. தூய எல் பொடிதான். சான்றிதழைப் பார்த்து வாங்குங்கள், அவ்வளவே.

அப்புறம் மெத்தியோனினுக்கு மாற்று என்று விற்கப்படும் மூலிகைப் பொடி, அதாவது மூலிகை மெத்தியோனின். செயற்கை வேண்டாம் என்பவர்களுக்கு இது ஆசை காட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் இயற்கை வேளாண் விதிகளில் செயற்கை அமினோ அமிலத்துக்கு இடமில்லை. அமெரிக்க விதிகள் கறிக்கோழிக்கு டன்னுக்கு சராசரியாக ஒரு கிலோ அளவு வரை விடுகின்றன. அந்த வழியில் போகிறவர்களுக்கு எள்ளுப் புண்ணாக்கும் மீன் தூளும் மெத்தியோனின் தரும், கோழி கொஞ்சம் மெதுவாக வளரும். மூலிகைப் பொட்டலம் கொண்டுவருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் மெத்தியோனின் எத்தனை சதவீதம்? எண் வந்தால் கணக்குத் தாளில் ஏற்றலாம். "நொதிகளைத் தூண்டும்" என்று பதில் வந்தால் மெத்தியோனின் வரிசையில் பூஜ்யம் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.