ஸ்மாஷ் அல்டிமேட்: மலையில் யார் பலசாலி?

எதிராளியை அடித்து மேடைக்கு வெளியே பறக்க விடும் நிண்டெண்டோ ஸ்விட்ச் சண்டை கேம் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்’ வெளிவந்தது 2018 டிசம்பர் 7. கேரக்டர்களின் பலத்தைச் சரிசெய்த கடைசி பேட்ச் (ஆன்லைனில் வரும் திருத்தம்) 13.0.1, 2021 டிசம்பரில் வந்தது. அதோடு அடித்தல் திருத்தல் நின்றது. எந்த அடி எத்தனையாவது ஃப்ரேமில் (விநாடிக்கு 60 தடவை மாறும் திரைப்படத்தில் ஒன்று) விழும், எவ்வளவு தூரம் தூக்கி எறியும் என்பதெல்லாம் அன்று இருந்தபடியேதான் இன்றும். ஆனாலும் கேரக்டர்களைப் பலம் வாரியாக அடுக்கி அன்று போட்ட டியர் லிஸ்ட்டை இன்று யாரும் அப்படியே ஏற்க மாட்டார்கள். ஊட்டியிலோ கோத்தகிரியிலோ இந்த கேமை வாங்குபவருக்கு அந்த லிஸ்ட் இன்னொரு தடவையும் மாறும். அதற்குக் காரணம் நம் இன்டர்நெட் லைன், நம் டிவி, நம் குளிர்.

முதலில் வாங்கும் விஷயம். நிண்டெண்டோ ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரப்பூர்வமாக விற்பனைக்கு வரவில்லை, கிடைப்பதெல்லாம் இறக்குமதி. கேம் கார்ட்ரிட்ஜுக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த நாட்டில் வாங்கியதும் ஓடும். கூட வரும் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் முனைக்கு மட்டும் ஒரு கன்வர்ட்டர் போதும். ஸ்விட்ச் 2 வைத்திருப்பவர்களும் இதே கார்ட்ரிட்ஜைப் போட்டு ஆடலாம். மொத்தம் 89 கேரக்டர்கள் என்று படித்துவிட்டுத் திறந்தால் 8 பேர்தான் நிற்பார்கள். ஆட ஆட, ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருவர் சவாலுக்கு வருவார்; ஜெயித்தால் அவர் நமக்கு. தோற்றாலும் போகாது, பிறகு மறுபடி அழைக்கலாம். காசு கொடுத்து வாங்கும் கூடுதல் கேரக்டர்களில் அவசரம் வேண்டாம். அவர்களைத் தொகுப்பாகத் தரும் இரண்டு பாஸையும் மொத்தமாக வாங்குவதைவிட, ஜோக்கர், பைரா–மித்ரா என்று தேவைப்படுபவரைத் தனியாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

இனி பலம். ஒரு கேரக்டர் ஏறுவதும் இறங்குவதும் மூன்று வழியில் நடக்கிறது.

பேட்ச் என்பது நேர்வழி. பிச்சுவைப் பாருங்கள். கேமிலேயே மிகவும் லேசான கேரக்டர், எடை 62. பௌசரின் எடை 135. எடை குறைந்தால் சீக்கிரம் வெளியே பறப்பார்கள். மின்சார அடி அடிக்கும்போதெல்லாம் தனக்கும் கொஞ்சம் சேதம் ஏற்படுத்திக்கொள்ளும். இந்தக் குறைகளோடும் முதல் சில மாதங்கள் மேல்வரிசையில் இருந்தது, ஏனென்றால் சின்ன உருவத்தில் அடி படவே இல்லை. 2019 மே மாதம் வந்த 3.1.0 பேட்ச், அது தனக்குத்தானே ஏற்படுத்திக்கொள்ளும் சேதத்தை ஏற்றியது. தலையில் அடி படும் பரப்பையும் பெரிதாக்கியது. அடியின் வேகம் பெரிதாகக் குறையாவிட்டாலும் பிச்சு இறங்கிவிட்டது. தாக்கும் பலத்தைப் பெரிதாகத் தொடாமல், தப்பிக்கும் பலத்தை எடுத்தாலே ஒரு கேரக்டர் கீழே வரும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் இல்லை.

இரண்டாவது வழி, கண்டுபிடிப்பு. ஸ்டீவ் 2020 அக்டோபரில் வந்தார். மண்ணைத் தோண்டி, கல், இரும்பு, தங்கம், வைரம் சேர்த்து, அதில் கருவி செய்து அடிக்கும் கேரக்டர். வந்த புதிதில் சுரங்கம் தோண்டிக்கொண்டே இருக்க வேண்டுமே என்று பலர் ஒதுக்கினார்கள். பிளாக் வைத்து எதிராளியின் வழியை அடைப்பதும், தூரத்தில் நின்று தோண்டி எதிராளியைத் தானே வரவழைப்பதும் புரிந்தபின் நிலைமை தலைகீழானது. 2023 தொடக்கத்தில், பிளாக் வைக்கும் நேரத்தைப் பயன்படுத்தி அடியின் தடுமாற்றத்திலிருந்து உடனே விடுபடும் வழியும் தெரிய வந்தது. பல போட்டிகள் ஸ்டீவையே தடை செய்தன. இந்தக் கடைசிக் கண்டுபிடிப்பு வந்தபோது, பலத்தை மாற்றும் பேட்ச் நின்று ஒரு வருடத்துக்கு மேலாகியிருந்தது.

இதே வரிசையின் பழைய ‘மெலே’ கேமைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 2001-ல் வந்த அந்த கேமுக்கு ஆன்லைன் பேட்ச் என்பதே கிடையாது. அதில் யோஷி போட்டிக்கு உதவாது என்று நெடுங்காலம் எழுதி வைத்திருந்தார்கள். ஜப்பானிய ஆட்டக்காரர் அம்சா அதே யோஷியை வைத்து 2022-ல் ‘தி பிக் ஹவுஸ் 10’ போட்டியை வென்றார். லிஸ்ட் போடுபவர்கள் கேரக்டரை மட்டும் அளப்பதில்லை; அதுவரை அதை ஆடியவர்களின் உழைப்பையும் சேர்த்துத்தான் அளக்கிறார்கள்.

மூன்றாவது வழிதான் நமக்கு முக்கியம்: தாமதம். அல்டிமேட் ஆன்லைனில் ஆடும்போது இரண்டு பேரின் கருவிகளும் நேருக்கு நேர் இணைகின்றன. எதிராளியின் பட்டனை ஊகித்து ஆட்டத்தை ஓட்டி, ஊகம் தவறினால் பின்னால் போய்த் திருத்தும் ரோல்பேக் கிடையாது. எதிராளியின் பட்டன் வந்து சேரும்வரை நம் பட்டனையும் கேம் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘மெலே’க்கு ரசிகர்களே எழுதிய ஸ்லிப்பி என்ற மென்பொருள் 2020-லேயே ரோல்பேக் கொடுத்துவிட்ட நிலையில், இவ்வளவு பெரிய கேமில் அது இல்லாதது பெரிய குறை. மழுப்ப வழியில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு விநாடிக்கு 60 ஃப்ரேம். ஒரு ஃப்ரேம் 16.67 மில்லி விநாடி. எதிராளியின் கனத்த அடி 25-ஆவது ஃப்ரேமில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண் பார்த்து விரல் அழுத்த, கைதேர்ந்தவருக்கே 15 ஃப்ரேம் போகும். கேமுக்குள்ளேயே இருக்கும் தாமதத்துக்கு ஒரு 6. மீதி 4. ஷீல்டு முதல் ஃப்ரேமிலேயே வந்துவிடும், ஆகவே ஒரே அறையில் ஆடினால் தப்பிக்கலாம். லைன் இன்னொரு 5 ஃப்ரேம் சேர்த்தால்? அழுத்தியும் அடி விழும். கைவேகம் குறைந்துவிட்டது என்று நினைத்து நொந்துபோகத் தேவையில்லை, அந்த அடியைப் பார்த்துத் தடுப்பது அங்கே கணக்குப்படியே முடியாது. ஷீல்டை விடும் நேரத்தை 5 ஃப்ரேமுக்குள் பொருத்திச் செய்யும் பாரியும் இப்படித்தான் கைநழுவும்.

மார்த்தும் லூசினாவும் இதை அப்படியே காட்டுவார்கள். அசைவு, வேகம், வாளின் நீளம் எல்லாம் ஒன்று. மார்த்தின் வாளில் நுனி பட்டால்தான் முழு பலம், நடுவில் பட்டால் அடி மங்கும். லூசினாவுக்கு வாள் முழுக்க ஒரே பலம். எதிராளி உள்ளே ஓடி வரும்போது அரை அடி பின்வாங்கி நுனியில் பிடிப்பதுதான் மார்த்தின் தொழிலே. அந்தப் பின்வாங்கல் 5 ஃப்ரேம் தாமதமானால் எதிராளி வாளின் நடுவுக்கே வந்துவிடுகிறார்; சேதம் 100 சதவீதம் ஏறியபின் மேடைக்கு வெளியே பறக்க வேண்டியவர் பக்கத்திலேயே விழுந்து எழுகிறார். லூசினாவுக்கு அதே தாமதம், ஆனால் அடி அடிதான். நேரில் இருவருக்கும் இடையே உள்ள தூரம் ஒரு படி என்றால், மோசமான லைனில் ஒரு மாடி.

இதே காரணத்தால் எதிராளியின் பிழையைப் பார்த்துத் தண்டிக்கும் ஃபாக்ஸ், ஷீக் போன்றவர்கள் ஆன்லைனில் இறங்குவார்கள். முன்கூட்டியே முடிவு செய்து அடிப்பவர்கள் ஏறுவார்கள்: பலம் சேர்த்துவைத்துச் சுடும் சார்ஜ் ஷாட் வைத்திருக்கும் சாமஸ், கேமிலேயே மிக வேகமாக ஓடும் சோனிக், ஷீல்டிலிருந்தே மூன்றாவது ஃப்ரேமில் மேலெழும் கேம் அண்ட் வாட்ச். இந்தக் கடைசி ஆளின் எடை வெறும் 75. நேரில் இரண்டு நல்ல அடியில் போய்விடுவார். லைன் இழுக்கும்போது அந்த இரண்டு அடியைப் போடுவதே பெரும்பாடு.

மலையில் லைன் எப்படி என்பது ஊருக்கு ஊர் வேறு. கேபிள் வழி ஃபைபர் வந்த வீட்டில், ரவுட்டரிலிருந்து ஸ்விட்ச்சுக்கு லேன் ஒயர் இழுத்தால் பாதித் தொல்லை தீரும். ஓஎல்ஈடி மாடலின் டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கியில்) லேன் துளை இருக்கிறது. பழைய டாக்குக்கு யுஎஸ்பி லேன் அடாப்டர் வாங்க வேண்டும். கருங்கல் சுவர் வைத்த பழைய வீடுகளில் வைஃபை அடுத்த அறைக்குப் போவதற்குள் தளர்ந்துவிடும், அங்கே ஒயர் கட்டாயம். மொபைல் ஹாட்ஸ்பாட் மட்டும் உள்ளவர்கள் ஸ்விட்ச்சின் செட்டிங்ஸில் இன்டர்நெட் டெஸ்ட் ஓட்டி, நேட் டைப் (மற்றவர் கருவியோடு நேராக இணைய நம் லைன் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்ற தரம்) என்ன வருகிறது என்று பார்க்கவும். ஏ அல்லது பி வந்தால் நல்லது. டி வந்தால் பலரோடு இணைப்பே கிடைக்காது, கிடைத்தாலும் அறுந்து போகும். ஏப்ரல், மே சீசனில் டவர் நெரிசல் வேறு சேரும். மாலை நேர ஆட்டத்தை அந்த இரண்டு மாதம் காலைக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

குளிரும் ஒரு கணக்கு. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் விரல் மரத்துப்போனால் கசுயாவின் மின்சாரக் குத்து வராது. அதற்குக் குச்சியைத் துல்லியமான வரிசையில் திருப்ப வேண்டும். கசுயா லிஸ்ட்டில் மேலே இருப்பது அது ஒவ்வொரு தடவையும் விழும் என்ற கணக்கில்தான். பத்துக்கு ஆறு தடவை விழாத கையில் அவர் கனமான, மெதுவான ஒரு ஆள், அவ்வளவே. பத்து நிமிடம் டிரெய்னிங் மோடில் கை சூடேற்றிவிட்டு ஆடுங்கள். ஸ்விட்ச்சோடு வரும் சின்ன ஜாய்கானைவிட, தனியாக வாங்கும் ப்ரோ கன்ட்ரோலரின் குச்சி இதற்கு நல்லது. ஈரம் மிகுந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கார்ட்ரிட்ஜை டப்பாவில், ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைக்கவும்.

அறைக்குள் ஆடுவதில்தான் இந்த கேமின் முழு அழகு. டிவியில் கேம் மோட் போடுங்கள். போடாவிட்டால் படத்தை மெருகேற்றும் வேலையிலேயே சில ஃப்ரேம் கரைந்து, வீட்டுக்குள்ளேயே ஆன்லைன் ஆடியது போலாகிவிடும். கரண்ட் போனால் டாக்கிலிருந்து எடுத்து மேசையில் நிறுத்தி ஆடலாம். போட்டி விதி வேண்டுமானால் 3 உயிர், 7 நிமிடம், ஐட்டம் அணைத்து, ஸ்டேஜ் ஹசார்டும் (மேடையே தரும் இடைஞ்சல்கள்) அணைத்து. ஐட்டம் இல்லாமல் ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது மட்டும் எல்லா அடிக்கும் 1.2 மடங்கு சேதம் உண்டு. நாலு பேர் ஆட்டத்தில் அது கிடையாது. ஒற்றைக்கு ஒற்றையில் படித்த காம்போவின் (தொடர் அடியின்) சதவீதம் கூட்ட ஆட்டத்தில் பொருந்தாமல் போவது இதனால்தான். குறுங்குதியிலிருந்து போடும் அடிக்கு 0.85 மடங்குதான் சேதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொடங்குபவர் லூசினாவை எடுக்கட்டும். அறையிலும் லைனிலும் அவர் பலம் அதிகம் ஆடாது. அறையில் மட்டும் ஆடுபவர்கள் ஃபாக்ஸ் பக்கம் போகலாம். ஆன்லைன் சந்தாவை ஒரு வருடத்துக்குக் கட்டாமல் முதலில் ஒரு மாதத்துக்குக் கட்டி, ஒரு மழை வாரத்தையும் ஒரு சனி, ஞாயிறு மாலையையும் ஆடிப் பாருங்கள். அந்த இரண்டிலும் லைன் தாங்கினால் வருடச் சந்தா. தாங்காவிட்டால் அந்தக் காசுக்கு இரண்டாவது கன்ட்ரோலர்.