ஆண்டர்சன் தெரு வாழைநார் பேப்பர்: பத்திரிகை அடிக்கறவங்க, அடிக்க குடுக்கறவங்க ரெண்டு பேரும் படிங்க

மொதல்லயே சொல்லிடறேன், பேப்பர் அருமை, விலை கொஞ்சம் ஜாஸ்தி, ஆனா குடுக்கற காசுக்கு ஞாயமான சரக்கு. சென்னை பாரிஸ் கார்னர்ல ஆண்டர்சன் தெருன்னா கல்யாண பத்திரிகை, டைரி, கலர் அட்டைன்னு எல்லாருக்கும் தெரியும், அந்த தெருவுல இருந்து பிரியற ஒரு சந்துக்குள்ளதான் இந்த கையால செஞ்ச பேப்பர் கடை. போர்டு சின்னது, பக்கத்து கடை பண்டல் எல்லாம் வாசல மறைச்சு கெடக்கும், மேல பாத்துக்கிட்டே போனாதான் கண்ல படும். மண்ணடி மெட்ரோல எறங்கி நடந்துடுங்க, வண்டிய எடுத்துட்டு போனா நிறுத்த எடம் தேடியே பொழுது போயிடும். நான் ராயபுரத்துல ஸ்க்ரீன் பிரிண்டிங் பண்றேன், பத்திரிகை சீசன்ல இவங்ககிட்டதான் இப்ப சரக்கு எடுக்கறேன், அதனால இது ஒரு தாள வாங்கி தடவி பாத்துட்டு எழுதற ரிவ்யூ இல்ல, மை ஏத்தி மடிச்சு வெட்டி கஸ்டமர் கைல குடுத்து அவங்க என்ன சொன்னாங்கன்னு கேட்டுட்டு எழுதறது.

கடைல முக்கியமா மூணு வகை இருக்கு. வாழைநார் பேப்பர், திருப்பூர் பனியன் வெட்டு துணில செஞ்ச காட்டன் பேப்பர், அப்பறம் புளிச்ச நார் கலந்தது. புளிச்சக்கீரை துவையல் சாப்பிடறோம்ல, அந்த செடியோட தண்டு பட்டைலதான் அந்த நாரு வருது, உலகம் பூரா கெனாஃப்னு சொல்லி பேப்பருக்கு எடுக்கறாங்க, நம்மாளுங்க கீரைய கிள்ளிட்டு தண்ட தூக்கி போட்டுடறோம். பெரிய தாள் ஒண்ணு வாழைநார்ல 70 ரூபா சொல்றாங்க, காட்டன் அத விட கம்மி, மொத்தமா எடுத்தா கொறச்சு குடுப்பாங்க, நீங்களா கேட்டாதான்.

நான் ஏன் இவங்ககிட்ட வந்தேங்கறத சொல்லணும். இதுக்கு முன்னாடி வேற ஒரு எடத்துல வாங்கின வாழைநார் பேப்பர்ல ஒரு பத்திரிகை அடிச்சு குடுத்தேன், பாக்க அழகா இருந்துச்சு, கஸ்டமருக்கும் ரொம்ப புடிச்சது. பொண்ணு வீட்டுல சாமி முன்னாடி வச்சு நாலு மூலைலயும் மஞ்ச தடவிருக்காங்க, கொஞ்ச நேரத்துல மஞ்ச அப்படியே செங்கல் கலருக்கு மாறிடுச்சு. அந்தம்மா அபசகுனம்னு பயந்து போய் போன் பண்ணாங்க, பாவம் குரலே நடுங்குது. விஷயம் என்னன்னா ஆரத்தி கரைக்கும்போது மஞ்சத்தண்ணில சுண்ணாம்பு போட்டா செவக்கும்ல, அதேதான் இது. நார வேக வைக்க போட்ட சோடா காரத்த சரியா கழுவாம தாளாக்கிட்டாங்க, அந்த காரம் பேப்பருக்குள்ள தங்கி மஞ்சள செவப்பாக்கிடுச்சு. அந்த எடத்துல கேட்டா எங்க மேல தப்பு இல்லன்னுட்டாங்க. அதுல இருந்து நான் எந்த கடைக்கு போனாலும் மொதல்ல ஒரு துண்டு பேப்பர கேட்டு வாங்கி அதுல ஈர மஞ்ச தடவி பாக்காம ஆர்டர் குடுக்கறது இல்ல. பேப்பர் வாங்கற எல்லாரும் இத பண்ணுங்க, செலவே இல்லாத டெஸ்ட்.

இந்த கடைல அந்த டெஸ்ட நான் பண்ணப்ப கடைக்கார அண்ணன் கோச்சுக்கல, அவரே உள்ள இருந்து மஞ்சத்தூள் டப்பாவ எடுத்து நீட்னாரு. நாங்களும் பட்டறைல இதத்தான் பண்றோம், வேணும்னா போய் பாருங்கன்னு வியாசர்பாடி பக்கம் இருக்கற அவங்க ஷெட்டோட அட்ரச குடுத்தாரு. ஒரு கடைக்காரர் இப்படி கதவ தொறந்து காட்டறது இந்த தொழில்ல அபூர்வம், அதுக்காகவே தனியா ஒரு ஸ்டார் குடுக்கலாம்.

ஷெட்டுல பாத்தத கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா பேப்பரோட தரம் மொத்தமும் அங்கதான் இருக்கு. வாழை மரம்னு நாம சொல்றது மரமே கெடையாது, மட்டை மேல மட்டையா சுத்தின தண்டு, முக்காவாசிக்கு மேல தண்ணிதான். நடுத்தண்ட கறிக்கு எடுத்துட்டு (பீச் ஸ்டேஷன் பக்கம் பர்மா கடைல அத்தோ நூடுல்ஸ் சாப்பிட்டு வாழத்தண்டு சூப் குடிச்சவங்களுக்கு தெரியும்) வெளி மட்டைய உரிச்சு சுரண்டினா நார் வரும், நம்ம பூக்கடைல பூ கட்டறதுக்கு குடுக்கறாங்களே அதே நார்தான். அத வெரக்கட அளவுக்கு நறுக்கி சோடா கலந்த தண்ணில மணிக்கணக்குல வேக வைக்கறாங்க. செடில நாரும் நாரும் ஒட்டிக்கிட்டு வெறைப்பா நிக்கறதுக்கு லிக்னின்னு ஒரு பொருள் இருக்கு, இந்த வேக்காட்டுல அது கரைஞ்சு பழுப்பு கலர் தண்ணியா எறங்கிடுது, செல்லுலோஸ் நார் மட்டும் மிஞ்சும். லிக்னின் மிஞ்சிட்டா பேப்பர் வெயில் பட்டு மஞ்சளாயிடும், நியூஸ்பேப்பர் வாசல்ல கெடந்தா நாலு நாள்ல பழுப்பாகுதே அது இதனாலதான். தேங்கா நார்ல லிக்னின் ரொம்ப அதிகம், அதனாலதான் கயிறுக்கும் மிதியடிக்கும் போகுது, நல்ல எழுதற தாள் அதுல வராது.

அப்பறம் கழுவறது. இங்கதான் நான் அசந்து போனேன். ஒரு அக்கா கூழ கைல அள்ளி புழிஞ்சு அந்த தண்ணிய வெள்ள தட்டுல விட்டு ஒரு சிட்டிகை மஞ்சத்தூள் போட்டாங்க, லேசா செவப்பு தட்டுச்சு, உடனே இன்னும் ஒரு தண்ணி விடுன்னு உள்ள குரல் குடுத்தாங்க. "இன்னா தம்பி பாக்கற, இது மஞ்சளாவே நிக்கற வரிக்கும் உட மாட்டேன், அப்பறம் கல்யாண ஊட்டுல திட்டு வாங்கறது யாரு"ன்னாங்க. என் கதைய நான் சொல்லவே இல்ல, அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கு. பேப்பர் வாங்கற நமக்கு இந்த ஒரு தட்டு மஞ்சத்தண்ணிதான் கேரண்டி கார்டு.

கழுவின நார் பீட்டர்ங்கற அடிக்கற மெஷினுக்கு போகுது. நீள்வட்ட தொட்டி, அதுல பட்டை பட்டையா இரும்பு வச்ச உருளை சுத்துது, ஹாலண்டர் பீட்டர்னு பேரு, 17ஆம் நூற்றாண்டுல டச்சுக்காரங்க கொண்டு வந்த அமைப்பு, இன்னைக்கும் அடிப்படை அதேதான். நார வெட்டறது இதோட முக்கிய வேலை இல்ல, நசுக்கி நசுக்கி ஒவ்வொரு நாரையும் பிசிறு பிசிறா விரிய வைக்கணும், அப்பதான் காயும்போது ஒண்ணோட ஒண்ணு தானா புடிச்சுக்கும், பசையே தேவையில்ல, தண்ணி போக போக செல்லுலோஸ் செல்லுலோஸோட ஒட்டிக்கும். கம்மியா அடிச்சா தாள் துணி மாதிரி தொளதொளன்னு நிக்கும், ரொம்ப அடிச்சா வாழைநார் கண்ணாடி மாதிரி வெறைச்சு சடசடன்னு சத்தம் போடும், காயும்போது சுருங்கி ஓரம் வளையும். எந்த செடிங்கறத விட எவ்ளோ கழுவினாங்க எவ்ளோ அடிச்சாங்கங்கறதுதான் பேப்பர். மரம் வெட்டாத பேப்பர்னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டி விக்கறவங்ககிட்ட இந்த ரெண்டையும் கேளுங்க, பதில் வரலன்னா நகர்ந்துடுங்க.

தாள் எடுக்கறத பாத்துக்கிட்டே நிக்கலாம். தொட்டில கூழ் மோரு மாதிரி தண்ணியா இருக்கு, சல்லடை சட்டத்த நேரா உள்ள விட்டு படுக்க வச்சு தூக்கி முன்ன பின்ன ஒரு குலுக்கு, அந்த குலுக்குலதான் நாரு எல்லா பக்கமும் பின்னிக்குது. மெஷின் பேப்பர்ல நார் பெரும்பாலும் ஒரே திசைல படுத்திருக்கும், அதனாலதான் ஒரு பக்கம் நேரா கிழியும் இன்னொரு பக்கம் கோணலா போகும், இதுல அப்படி இல்ல. அப்பறம் துணி மேல கவுத்து, அடுக்கி, ப்ரஸ்ல நசுக்கி, கொடில தொங்க விடறாங்க.

காட்டன் பேப்பருக்கு வேக்காடு வேலை கம்மி, பருத்தில பெரும்பகுதி செல்லுலோஸ்தான், லிக்னின் கிட்டத்தட்ட கெடையவே கெடையாது, நம்ம ரூபா நோட்டும் பருத்தி பேப்பர்தான். ஒரே தொல்லை பனியன் துணில பாலியஸ்டர் கலந்திருந்தா அது கூழாகாது, தாள்ல திட்டு திட்டா நிக்கும், இவங்க ஆளு வச்சு பொறுக்கறாங்க. கி.பி. 105ல சீனால சாய் லுன் பேப்பர் செஞ்சதா சொல்றப்ப மரப்பட்டை, கந்தல் துணியோட பழைய மீன் வலையும் போட்டாருன்னு வரும், அப்ப வலை செடி நார்ல பின்னினது. இப்ப காசிமேட்டுல கிழிஞ்சு குமியற வலை எல்லாம் நைலான், அத வச்சு இங்க ஒண்ணும் பண்ண முடியாது.

சரி பிரிண்டிங்குக்கு எப்படி இருக்குன்னு வரேன். ஸ்க்ரீன் மை வாழைநார்ல நல்லா உக்காருது, பெரிய எழுத்தும் கோலம் டிசைனும் சும்மா ஜொலிக்குது, பொடி எழுத்து வேணாம், நார் மேல விழுந்தா உடைஞ்சு தெரியும். மண்டபம் அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் காட்டன் பேப்பர்ல உள்தாளா போட்டு, வாழைநார மேல் அட்டையா வைங்க, என் அனுபவத்துல அதுதான் சரியான ஜோடி. மடிக்கறதுக்கு முன்னாடி க்ரீஸ் (மடிப்பு வர்ற எடத்துல அழுத்தி ஒரு கோடு) போட்டே ஆகணும் இல்லன்னா மடிப்புல நார் எழும்பி நிக்கும். லேசர் பிரிண்டர்ல விடாதீங்க, தூசி உதிர்ந்து ட்ரம் போயிடும். மஞ்ச தடவினா ஊறி பரவுதான்னு கேப்பீங்க, பரவல, சைஸிங் (ஈரமும் மையும் ஊறாம இருக்க தாளுக்கு குடுக்கற பக்குவம்) நல்லா பண்ணிருக்காங்க. பழைய முறைல ரோசினும் (பைன் மரப் பிசின்) படிகாரமும் போடுவாங்க, படிகாரத்துல அமிலம், வருஷம் போக போக தாள் பழுப்பாகி நொறுங்கும், இவங்க அமிலம் இல்லாத சைஸிங் போடறாங்க, அதனால பேனா மையும் கசியல, ஆல்பம், நோட்டுக்கு கூட தைரியமா எடுக்கலாம்.

குறைகளும் இருக்கு. ஒவ்வொரு லாட்டும் கலர் மாறுது, இன்னைக்கு சந்தனம் அடுத்த தடவ தவிட்டு கலர், அதனால மொத்த ஆர்டருக்கும் ஒரே லாட்ல எடுத்துடுங்க, உபரி தாளும் சேத்து. ஐப்பசி கார்த்திகைல மழையும் கடல் காத்து ஈரமும் சேந்து தாள் காயவே மாட்டேங்குது, தை முகூர்த்தத்துக்கு வேணும்னா புரட்டாசிலயே சொல்லி வைங்க. டெலிவரி மீன்பாடி வண்டில வருது, ஒழுங்கா பிளாஸ்டிக் சுத்தி அனுப்பறது இல்ல, ஒரு பண்டல் ஓரம் நனைஞ்சு வந்தது, மாத்தி குடுத்தாங்க ஆனா நாலு தடவ போன் பண்ண வேண்டியதா போச்சு.

அதே கடைல கரும்பு சக்கை தட்டும் விக்கறாங்க. 2019ல பிளாஸ்டிக் தடை வந்ததுக்கு அப்பறம் இதுக்கு நல்ல கிராக்கி. இதுவும் கூழ்தான், தாளா எடுக்கறதுக்கு பதிலா அச்சுல சூடா அழுத்தி எடுக்கறது, கரூர் பக்கம் டிஎன்பிஎல் (தமிழ்நாடு காகித நிறுவனம்) ஆலைல அதே சக்கையதான் பெரிய அளவுல பேப்பராக்கறாங்க. சூடா மீன் கொழம்பு ஊத்தி பாத்தேன், சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் ஒழுகல, ரொம்ப நேரம் வச்சா அடி எளகுது. விசேஷத்துக்கு ஓகே, பார்சலுக்கு வேணாம்.

கடைசியா ஒண்ணு, கடைக்காரங்க படிப்பாங்கன்னு எழுதறேன். வேக வச்ச அந்த பழுப்பு தண்ணி எங்க போகுதுன்னு ஷெட்டுல கேட்டேன். காரத்த முறிச்சு, தெளிய வச்சு, தெளிஞ்சத மறுபடி மொத கழுவலுக்கு எடுத்துக்கறோம்னாங்க, தெளிய வைக்கற தொட்டியையும் காட்னாங்க. சந்தோஷம். ஆனா கொடுங்கையூர், மணலி, எண்ணூர்னு நம்ம பக்கத்து ஜனங்க ஏற்கனவே மூச்சுக்கும் தண்ணிக்கும் படறது போதும், அதனால இத கடைலயே எழுதி ஒட்டுங்க அண்ணே, தண்ணிய எப்பப்ப டெஸ்ட் பண்றீங்க, ரிசல்ட் என்னங்கறதையும் சேத்து போடுங்க. அப்பறம் விலை லிஸ்ட் ஒண்ணு அச்சடிச்சு குடுங்க, ஆளுக்கு ஒரு ரேட்டு சொல்றதா வெளில பேச்சு இருக்கு. இந்த ரெண்டும் வந்துட்டா அஞ்சுக்கு அஞ்சு, இப்போதைக்கு நாலு.