ஒரு பொது உயர்நிலைப் பள்ளியின் ஆண்டிறுதி மடலும் கோடைத் திட்டங்களும்: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

அமெரிக்காவில் நாங்கள் வசிக்கும் பகுதியின் பொது உயர்நிலைப் பள்ளியில் என் மகள் பதினொன்றாம் வகுப்பையும் மகன் ஒன்பதாம் வகுப்பையும் இந்த ஜூன் மாதம் முடித்தார்கள். நம் ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்ற பெயர்ப்பலகை பெரும்பாலும் கட்டணம் மிகுந்த தனியார் பள்ளிகளின் வாசலில்தான் தொங்கும் என்பதால், தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன்: இது வரிப்பணத்தில் நடக்கும் பள்ளி, கல்விக் கட்டணம் கிடையாது, தன் எல்லைக்குள் குடியிருக்கும் பிள்ளை யாராக இருந்தாலும் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது. அந்தப் பள்ளி ஆண்டிறுதியில் பெற்றோருக்கு அனுப்பும் செய்தி மடலையும் அதில் அறிவிக்கப்படும் கோடைத் திட்டங்களையும் ஒரு சேவையாக எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்காகவும் பயன்படுத்திப் பார்த்தபின் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. குறைகளும் சொல்லவிருக்கிறேன் என்பது ஒரு காரணம். வேறு மாநிலங்களில் இருக்கும் நண்பர்களிடம் விசாரித்தபோது அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிகளிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான் என்று தெரிந்தது மற்றொரு காரணம்.

மடல் மின்னஞ்சலில் வந்தது. அச்சிட்டால் பன்னிரண்டு பக்கம். முதல் ஏழு பக்கங்கள் பள்ளியை விட்டுச் செல்லும் பன்னிரண்டாம் வகுப்பினருக்கானவை. பட்டமளிப்பு விழாவின் ஒத்திகை நேரம், அங்கியும் தொப்பியும் பெற்றுக்கொள்ளும் இடம், ஒரு குடும்பத்துக்கு எத்தனை நுழைவுச் சீட்டு, மழை பெய்தால் விழா எங்கே நடக்கும், இறுதி மதிப்பெண் பட்டியலைக் கல்லூரிக்கு அனுப்பும்படி யாரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ஒன்றையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். உதவித்தொகை பெற்றவர்களின் பட்டியலில் பெரிய பல்கலைக்கழகங்களுக்குப் போகிறவர்களுக்குக் கிடைத்த இடமே மின்பணியாளர் பயிற்சியில் சேர்கிறவர்களுக்கும் கிடைத்திருந்தது எனக்குப் பிடித்தது. ஓய்வு பெறும் ஆசிரியர்களைப் பற்றி அவர்களிடம் படித்த மாணவர்களே எழுதியிருந்த குறிப்புகளும் சடங்குக்காக எழுதப்பட்டவையாகத் தெரியவில்லை. விடைபெறுகிறவர்களை இந்தப் பள்ளி நன்றாகவே வழியனுப்புகிறது.

பள்ளியிலேயே தொடரும் மற்ற மூன்று வகுப்பினருக்கான செய்திகள் எட்டாம் பக்கத்தில்தான் தொடங்குகின்றன. லாக்கரை எப்போது காலி செய்வது, பள்ளி கொடுத்த குரோம்புக் மடிக்கணினியையும் சார்ஜரையும் எங்கே ஒப்படைப்பது, வரும் ஆண்டில் கைப்பேசிகளுக்கு என்ன புதிய விதி என்பவற்றுக்கெல்லாம் பிறகு, பதினோராம் பக்கத்தில், சின்ன எழுத்தில் கோடை வகுப்புப் பதிவின் கடைசி நாள் இருந்தது. கல்யாணப் பத்திரிகையில் முகூர்த்த நேரத்தைப் பின்னட்டையில் அச்சடித்ததைப் போன்ற ஏற்பாடு. அதைவிட மோசம், மடல் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. பதிவு திங்கட்கிழமை நண்பகலோடு முடிந்தது.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடலின் மேல்மூலையில் மொழியைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதில் தமிழும் இருக்கிறது. எங்களோடு தங்கியிருக்கும் என் மாமியார் பேரப்பிள்ளைகளின் பள்ளிச் செய்தியைத் தாமே படிக்க ஆசைப்பட்டுத் தமிழைத் தட்டினார். அமெரிக்காவில் 'சீனியர்' என்று அழைக்கப்படும் பன்னிரண்டாம் வகுப்பினர் 'மூத்த குடிமக்கள்' ஆகியிருந்தார்கள். அவர்களுக்குப் பட்டமளிப்பு விழா வைக்கும் நாட்டைப் பற்றி அவருக்கு மரியாதை கூடிவிட்டது. 'ஃபால்' எனப்படும் இலையுதிர் காலத்து விளையாட்டுகள் 'வீழ்ச்சி விளையாட்டுகள்' என்று வந்திருந்தன. சிரித்துவிட்டுக் கடந்துபோகலாம்தான், ஆனால் 'பதிவு' என்ற சொல் மூன்று இடங்களில் மூன்று விதமாக மாறியிருந்ததால், எந்த நாளுக்குள் எதைச் செய்ய வேண்டும் என்பது தமிழ் வடிவத்தை மட்டும் படிப்பவருக்குக் கடைசிவரை புலப்படாது. அதே பள்ளியில் இரண்டு நாள் முன்னதாகக் கேட்டால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளரை இணைத்துத் தருகிறார்கள், அதுவும் இலவசமாக. ஒரு தோழியின் பெற்றோருக்காக அதைப் பயன்படுத்தினோம்; பேசியவர் பள்ளிச் சொற்களையெல்லாம் நன்கு அறிந்தவராக இருந்தார். இப்படி ஒரு வசதி இருப்பதை மடலின் பன்னிரண்டு பக்கங்களில் எங்கும் குறிப்பிடவில்லை.

இனி கோடை வகுப்புக்கு வருகிறேன். இந்தச் சேவையில் உண்மையான மதிப்பு உள்ள பகுதி இதுதான். என் மகன் அல்ஜீப்ரா பாடத்தின் இரண்டாம் பருவத்தில் தேறவில்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒரு பாடத்தில் தவறினால் வகுப்பையே மீண்டும் படிக்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்துக்குரிய கிரெடிட்டை, அதாவது தேர்ச்சிக்குக் கிடைக்கும் அலகை, மட்டும் திரும்பச் சம்பாதித்தால் போதும். ஓராண்டுப் பாடம் ஒரு கிரெடிட் என்றும், அதற்கு 120 மணி நேர வகுப்பு என்றும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த கணக்கு இன்றும் பல இடங்களில் அடிப்படையாக இருக்கிறது. அதன்படி ஒரு பருவத்துக்கு 60 மணி நேரம். எங்கள் பள்ளி அதை நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாகப் பதினைந்து காலைப்பொழுதுகளில் முடித்துவிடுகிறது.

கேட்பதற்கு இது எளிதாகத் தோன்றும். ஆனால் ஆண்டு வகுப்பில் ஒரு வாரம் முழுவதும் ஒரு பாடத்துக்குக் கிடைக்கும் நேரமே ஏறக்குறைய நான்கு மணிதான். ஆகவே கோடையில் ஒரு நாள் போகாவிட்டால் ஒரு வாரப் பாடம் போய்விடுகிறது. இரண்டு நாளுக்கு மேல் வராதவரின் பெயரை நீக்கிவிடுவார்கள். மருத்துவச் சான்று கொடுத்தாலும் விலக்கு இல்லை. முதலில் இந்த விதி கொடுமையாகத்தான் பட்டது. இரண்டாம் வாரத்தில், முந்தைய நாள் கற்பித்த இருபடிச் சமன்பாட்டை வைத்தே மறுநாள் முழுவதும் நகர்வதைப் பார்த்தபின், விதியை எழுதியவர் வகுப்பறையை அறிந்தவர் என்று ஒப்புக்கொண்டேன். ஊருக்குப் போக ஜூலைத் தொடக்கத்துக்கு விமானச் சீட்டு வாங்கியிருந்த ஒரு குடும்பம் இந்த விதி தெரியாமல் பதிந்து, பாதியில் விலக நேர்ந்தது. பதிவுப் படிவத்தில் பெற்றோர் கையொப்பமிடும் இடத்துக்கு மேலேயே இதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம்.

கற்பித்தலைப் பொறுத்தவரை எனக்குக் குறையொன்றும் இல்லை. பல பள்ளிகளில் கிரெடிட் மீட்பு என்றால் பிள்ளையைக் கணினி முன் அமர்த்தி, காணொளியைப் பார்த்துக் கேள்விகளைத் தட்டி முடிக்கச் சொல்வதோடு சரி. விடை தவறினால் மீண்டும் தட்டலாம், சரியாகும்வரை தட்டலாம். இங்கேயும் கணினிப் பகுதி இருந்தது, ஆனால் நான்கில் ஒரு மணி நேரத்துக்கு மட்டும். மற்ற மூன்று மணி நேரமும் ஓர் ஆசிரியர், பதினெட்டு மாணவர்கள், ஒரு கரும்பலகை. அவர் முதல் நாள் வைத்த சிறு தேர்வில் என் மகனின் சிக்கல் அல்ஜீப்ராவே அல்ல, பின்னங்கள்தான் என்று கண்டுபிடித்தார். ஆண்டு முழுவதும் முப்பது பேருக்கு மேல் அமர்ந்த வகுப்பில் எவருக்கும் புலப்படாத விஷயம் இது. மூன்று வாரம் கழித்து அவன் 'சி பிளஸ்' வாங்கினான். பழைய 'எஃப்' பட்டியலிலிருந்து அழியாது என்பதையும், சராசரியைக் கணக்கிடும்போது மட்டும் உயர்ந்த தரம் எடுத்துக்கொள்ளப்படும் என்பதையும் பதியும்போதே விளக்கியிருந்தார்கள். இது பள்ளிக்குப் பள்ளி மாறும். கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியானால் நாங்கள் எப்படிக் குறித்த நாளுக்குள் பதிந்தோம்? மே மாதத்திலேயே கணித ஆசிரியை தொலைபேசியில் அழைத்துச் சொன்னதால்தான். அது அவருடைய நல்ல மனம். பள்ளியின் ஏற்பாடு அன்று. அதே வகுப்பில் தவறிய இன்னொரு மாணவனின் தாயும் தந்தையும் வார இறுதி முழுவதும் ஷிப்ட் வேலையில் இருந்தவர்கள். திங்கள் மாலை மடலைத் திறந்தபோது பதிவு முடிந்திருந்தது. அந்தப் பையன் வரும் ஆண்டில் தனக்குப் பிடித்த ஓவிய வகுப்பை விட்டுவிட்டு அதே பருவத்தைத் திரும்பப் படிக்கப் போகிறான். யார் யார் தவறக்கூடும் என்பது ஏப்ரல் இடைக்கால அறிக்கையிலேயே பள்ளிக்குத் தெரியும். அந்தப் பெயர்களுக்கு மட்டும் ஒரு கடிதம் அப்போதே போயிருந்தால் இந்தச் சேவைக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

மகளின் பக்கம் வேறு கதை. அவள் எழுதிய ஏ.பி. தேர்வுகள் (உயர்நிலைப் பள்ளியிலேயே படிக்கும் கல்லூரித் தரப் பாடங்களுக்கானவை) மே மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் முடிந்துவிட்டன. பள்ளியோ ஜூன் நடுவரை நடந்தது. இடைப்பட்ட நான்கு வாரங்களில் அந்த வகுப்புகளில் பெரும்பாலும் திரைப்படம்தான் ஓடியது. பல மாநிலங்களில் ஆண்டுக்கு 180 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்பதால் அந்த நாட்களைக் கடத்தியாக வேண்டும். அந்த நேரத்தில் கல்லூரி விண்ணப்பக் கட்டுரைக்கு ஒரு பயிற்சியாவது வைத்திருக்கலாம். மதிப்பெண்களை ஒரு கல்லூரிக்கு இலவசமாக அனுப்ப ஜூன் 20 கடைசி நாள் என்பதும், பொது விண்ணப்பத் தளமான காமன் ஆப் புதிய ஆண்டுக்காக ஆகஸ்ட் 1 அன்று திறக்கும் என்பதும் மடலில் இருந்தன. ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும் படிவம் பள்ளியின் கடைசி நாளோடு மூடப்படும் என்பது மட்டும் இல்லை. மகள் அதைத் தன் தோழி சொல்லித்தான் அறிந்தாள்.

கோடை வேலைக்கான பகுதியை மட்டும் தாராளமாகப் பாராட்டலாம். 14, 15 வயதினருக்கு மத்தியச் சட்டம் விதிக்கும் வரம்புகளைக் கட்டம் போட்டுக் காட்டியிருந்தார்கள்: பள்ளி இல்லாத நாளில் 8 மணி நேரம், அத்தகைய வாரத்தில் 40 மணி நேரம், வழக்கமாக இரவு 7 மணி வரை, ஜூன் 1 முதல் செப்டம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் நாள் வரை 9 மணி வரை. 16 வயதானால் இந்த நேர வரம்புகள் மத்தியச் சட்டத்தில் இல்லை. ஆனால் ஆபத்தான வேலைகளில் 18 வயதுவரை சேரக்கூடாது. எங்கள் மாநிலத்தில் பதினெட்டு வயதுவரை பணி அனுமதிச் சீட்டு தேவை, அதைப் பள்ளி அலுவலகம்தான் தருகிறது. மகளுக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் வேலை கிடைத்தபோது, படிவத்தைக் கொடுத்த அன்றே சீட்டு கைக்கு வந்தது. ஜூன் கடைசி வாரமும் ஜூலை முதல் வாரமும் அலுவலகம் பூட்டியிருக்கும் என்பதை மூன்று இடங்களில் எழுதியிருந்தார்கள். இதே அக்கறை பதினோராம் பக்கத்துக்கும் போயிருக்கலாம்.

கோடை உணவைப் பற்றிய குறிப்பு இரண்டே வரி. அதனால் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன். அனைவருக்கும் திறந்திருக்கும் இலவச உணவு மையங்களில் 18 வயது வரை உள்ள எந்தப் பிள்ளையும் விண்ணப்பமும் அடையாளச் சான்றும் இல்லாமல் சாப்பிடலாம். இது தவிர, 2024 முதல், திட்டத்தில் சேர்ந்துள்ள மாநிலங்களில், பள்ளியில் இலவச அல்லது சலுகை உணவுக்குத் தகுதி உள்ள பிள்ளைக்கு மளிகை வாங்குவதற்கான அட்டை கிடைக்கிறது. தொடங்கிய ஆண்டில் கோடைக்கு 120 டாலர். எங்கள் மாநிலத்தில் அந்த அட்டை பள்ளிப் பதிவில் உள்ள முகவரிக்கே வருவதால், வீடு மாறியவர்கள் முகவரியைத் திருத்தாவிட்டால் பழைய வீட்டுக்குப் போய்விடும். கேட்கக் கூச்சப்படும் நம்மவர்கள் சிலரை அறிவேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இசைக்குழுவுக்கும் விளையாட்டுக்கும் ஆகஸ்ட் முகாம் உண்டு, மருத்துவரின் உடல்தகுதிச் சான்று வேண்டும். எங்கள் பிள்ளைகள் சேரவில்லை என்பதால் அதைப் பற்றிக் கருத்து இல்லை. ரோபோ, நாடகம் போன்ற விருப்பப் பயிற்சிகளுக்கு மடல் வரும் முன்பே இடம் நிரம்பிவிட்டது. அவற்றில் இடம் பிடித்தவர்கள் பெற்றோர் சங்கக் கூட்டத்துக்குப் பிப்ரவரியில் போனவர்கள் என்று பின்னர் தெரிந்தது.

இவ்வளவு விவரங்களைப் பள்ளியின் மாணவர் ஆலோசகரான கவுன்சிலரிடமே கேட்டிருக்கலாமே என்று ஒருவர் நினைக்கக்கூடும். (கவுன்சிலர் என்றதும் நம் வார்டு உறுப்பினர் நினைவுக்கு வருவதை என்னால் இன்னும் தவிர்க்க முடியவில்லை.) ஓர் ஆலோசகருக்கு 250 மாணவர் என்பது அந்தத் துறையின் தேசியச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு; எங்கள் பள்ளியில் அதற்கும் மேல் நூறு பேர் கூடுதல். மே மாதத்தில் அவரைச் சந்திக்க எங்களுக்கு ஒன்பது நாள் ஆயிற்று. சந்தித்தபோது இரண்டு பிள்ளைகளின் கோப்புகளையும் படித்துவிட்டே வந்திருந்தார், கேட்டதற்கெல்லாம் நாள் குறிப்பிட்டுப் பதில் சொன்னார். இந்தப் பள்ளியில் சேரவிருக்கும் குடும்பங்கள் மடலுக்காகக் காத்திராமல், ஏப்ரல் இடைக்கால அறிக்கை வந்த வாரத்திலேயே அவரிடம் நேரம் வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மகனின் சார்ஜரை லாக்கர் காலி செய்த அன்றே ஒப்படைத்துவிட்டோம்; கணக்கில் இன்றுவரை அது வரவில்லை என்றே காட்டுகிறது. ரசீதின் படத்தை மூன்று முறை அனுப்பிவிட்டேன். ஒவ்வொரு முறையும், அலுவலகம் ஆகஸ்டில் திறக்கும் என்று தானியங்கிப் பதில் வருகிறது.